தொடுகையையும் கற்றுக்கொடுங்கள்

வடக்கு, கிழக்கில் உளவளத்துணையாளர்களைப் பயிற்றுவிக்கும் மதிப்புக்குரிய ஆசிரியர்களுக்கு,

வணக்கம். வன்னியில் உளவளத்துணைப் பணி செய்கிறேன். தொழிலை உங்களைப் போன்றவர்களிடம்தான் கற்றேன். அந்த நன்றியோடு எழுதுகிறேன்.

தொடுகை பற்றிப் பயிற்சியில் எங்களுக்குக் கிடைத்தது ஒரே வரி: துணைநாடியை, அதாவது உதவி தேடி எங்களிடம் வருபவரை, தொடக்கூடாது.

காணாமல் ஆக்கப்பட்ட மகனின் படத்தை மடியில் வைத்துக்கொண்டு ஓர் அம்மா பேசிக்கொண்டிருந்தார். நடுவில் பேச்சு நின்றது. மேசைக்கு மேலால் கையை நீட்டி என் விரல்களைப் பிடித்தார். நான் கையை இழுத்துக்கொண்டேன். தன் உள்ளங்கையை ஒருதரம் பார்த்தார், சேலைத் தலைப்பில் துடைத்தார், படத்தைப் பைக்குள் வைத்தார். அடுத்த கிழமை அவர் வரவில்லை.

அந்தக் குற்ற உணர்வு எனக்குள் கிடந்தது. சில மாதம் கழித்து, அழுதுகொண்டிருந்த இன்னொரு பெண்ணின் தோளில் பின்னாலிருந்து கைவைத்தேன். உடம்பு விறைத்துப் போனார். அவருக்கு அது சோதனைச்சாவடியில் உடம்பைத் தடவிய கை.

இரண்டும் என் பிழைதான். ஆனால் இரண்டுக்கும் நடுவில் என்ன செய்வதென்று எனக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை.

அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் கோன் குழுவினர் 2006இல் வெளியிட்ட ஆய்வு உங்களுக்குத் தெரிந்திருக்கும். மின்னதிர்ச்சி வரப்போகிறதென்று காத்திருந்த 16 பெண்களின் மூளையைப் படம்பிடித்தார்கள். கணவரின் கையைப் பிடித்திருந்தபோது அச்சத்தின் துலங்கல் நன்றாகக் குறைந்தது. அந்நியரின் கையில் அவ்வளவு இல்லை. யாருடைய கை என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

விதி ஏன் வந்ததென்று எனக்குத் தெரியும். சிகிச்சை என்ற பேரில் அத்துமீறியவர்கள் உண்டு. அதனால்தான் கேட்கிறேன்: எங்கே, எதற்காக, எவ்வளவு நேரம் என்று முன்கூட்டிச் சொல்லி அனுமதி கேட்பதைப் பழக்குங்கள். எங்கள் பெண்கள் 'மிஸ்'ஸிடம் வேண்டாம் என்று சொல்லமாட்டார்கள்; தலை ஆடும், தோள் பின்வாங்கும். அந்தத் தோளைப் பார்க்கப் பழக்குங்கள். தொட்டதைத் துணைநாடியின் பதிவுக் கோவையில் எழுதவும், மேற்பார்வையாளரிடம் கூச்சமின்றிப் பேசவும் பழக்குங்கள். பிறர் கை ஆகாதவருக்கு அவருடைய கையே இருக்கிறது: மெக்சிக்கோவின் அகபுல்கோவில், 1997 சூறாவளிக்குப் பின் பிறந்த வண்ணத்துப்பூச்சி அணைப்பில், கைகளை நெஞ்சில் குறுக்காக வைத்து மாறி மாறி மெல்லத் தட்டிக்கொள்கிறார்கள்.

அடுத்த பயிற்சியில் இதற்கு ஒரு முழுநாள் ஒதுக்குங்கள். கை நீட்டும் அம்மாவாக ஒருவரும் என் இடத்தில் ஒருவருமாக நடித்துப் பார்க்கட்டும். வந்து என் பிழையைச் சொல்ல நான் ஆயத்தம்.

இப்படிக்கு,
வன்னியிலிருந்து ஓர் உளவளத்துணையாளர்