மலேரியாக் கிருமியை வளர்த்த மனிதரும் எங்கள் பிள்ளைகளும்

ஆசிரியர் அவர்களுக்கு,

உயர்தரப் பெறுபேறு வந்ததும் மருத்துவ பீடத்துக்குத் தெரிவான பிள்ளைகளின் படங்களை உங்கள் பத்திரிகையில் பார்த்தேன். சந்தோசம். அந்தப் பக்கத்தில் படம் வராத பிள்ளைகளுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நான் ஓய்வுபெற்ற உயிரியல் ஆசிரியை. பல்கலைக்கழக அனுமதியைத் தீர்மானிக்கும் இசட் புள்ளி கொஞ்சம் குறைந்து விஞ்ஞான பீடம் கிடைத்த பிள்ளைகள், "எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை டீச்சர்" என்று அழுததை எத்தனையோ முறை பார்த்துவிட்டேன். அவர்களுக்கு நான் சொல்லும் பெயர் வில்லியம் ட்ரேகர். அவர் வைத்தியர் அல்ல, உயிரியல் படித்தவர். 1933இல் ஹார்வர்டில் கலாநிதிப் பட்டம் பெற்று ராக்ஃபெல்லர் நிறுவனத்தில் சேர்ந்தார். பூச்சிகளின் கலங்களை உடலுக்கு வெளியே வளர்த்தார், வாத்துகளுக்கு வரும் மலேரியாவோடு பல வருடம் போராடினார். ஒட்டுண்ணி ஒன்று இன்னொரு உயிரின் கலத்துக்குள் எப்படி வாழ்கிறது என்பதுதான் வாழ்நாள் முழுக்க அவர் கேட்ட கேள்வி.

மனிதரைக் கொல்லும் பல்சிபாரம் மலேரியாக் கிருமியை ஆய்வுகூடத்தில் தொடர்ந்து வளர்க்க அதுவரை யாராலும் முடியவில்லை. 1976இல் ஜேம்ஸ் ஜென்சன் என்ற இளம் ஆய்வாளரோடு சேர்ந்து அவர் அதைச் செய்துகாட்டினார். அப்போது அவருக்கு 66 வயது! செய்த விதத்தை வகுப்பில் சொன்னால் பிள்ளைகள் நம்பமாட்டார்கள். மனிதச் செங்குழியங்கள் உள்ள தட்டுகளை ஒரு கண்ணாடிச் சாடிக்குள் வைத்து, பக்கத்தில் மெழுகுதிரி ஒன்றைக் கொளுத்தி, அது அணையும் நேரம் பார்த்துச் சாடியை அடைப்பார்கள். உள்ளே ஒட்சிசன் குறையும், காபனீரொட்சைட்டு கூடும். கிருமிக்கு அந்தக் காற்றுத்தான் பிடித்தது. அதற்குப் பிறகு மருந்துகளை நேரடியாகக் கிருமியிலேயே சோதிக்கலாம், எந்த மருந்துக்கு அது பழகிவிட்டது என்றும் பார்க்கலாம் என்றாயிற்று. ட்ரேகர் 2005இல் 94 வயதில் இறந்தார்.

இது எங்கோ நடந்த கதை என்று மட்டக்களப்பின் படுவான்கரையில் பிறந்த என்னால் நினைக்க முடியாது. 1969இல் இலங்கை முழுவதும் ஐந்து லட்சத்துக்கு மேற்பட்டோருக்கு மலேரியா வந்தது. அம்மம்மா குளிரில் நடுங்க, வீட்டில் இருந்த சாக்கையும் சேலையையும் எல்லாம் அவர் மேல் போட்டு மூடியது நினைவிருக்கிறது. கசப்புக் குளிசை குடித்துச் சுகமானார். சில மாதம் கழித்துக் காய்ச்சல் திரும்பவும் வந்தது. "விட்ட காய்ச்சல் திரும்பிப் பார்க்குது" என்பார். அந்தத் திரும்பலுக்குக் காரணம், அப்போது இங்கே பெரும்பாலும் பரவிய வைவாக்ஸ் வகைக் கிருமி ஈரற்கலங்களுக்குள் உறங்கிக் கிடந்து பிறகு விழிக்கும் என்பதை நான் பல்கலைக்கழகத்தில்தான் படித்தேன்.

அந்த வைவாக்ஸை பல்சிபாரம் போலத் தொடர்ந்து வளர்க்க இன்றைக்கும் சரியான வழி இல்லை. அது முதிராத இளம் செங்குழியங்களைத் தேடித்தான் புகும், அவை இரத்தத்தில் மிகக் குறைவு. ட்ரேகர் முடித்துவைத்த வேலையின் மறுபாதி அப்படியே கிடக்கிறது. அதைச் செய்யப்போகிறவர் வெல்லாவெளியிலோ அக்கரைப்பற்றிலோ இப்போது அழுதுகொண்டிருக்கும் ஒரு பிள்ளையாக ஏன் இருக்கக் கூடாது?

2012க்குப் பிறகு உள்ளூரில் மலேரியா பரவாததால் 2016இல் உலக சுகாதார நிறுவனம் மலேரியா ஒழிந்த நாடு என்று எங்களுக்குச் சான்றிதழ் தந்தது. சரி, அதற்காக வேலை முடிந்துவிடவில்லை. நுளம்பு இங்கேதான் இருக்கிறது, வெளிநாட்டிலிருந்து காய்ச்சலோடு வருகிறவர்களும் இருக்கிறார்கள். மணல் ஈ பரப்பும் லீஷ்மேனியா நோயையும் பாருங்கள். இந்தியாவில் ஈரலையும் மண்ணீரலையும் தாக்கும் அதே இனக் கிருமி இலங்கையில் பெரும்பாலும் தோலில் புண்ணாக மட்டும் நிற்கிறது. ஏன்? இது எங்கள் மண்ணில் கேட்கவேண்டிய கேள்வி.

பெற்றோரே, விஞ்ஞான பீடம் கிடைத்த பிள்ளையைத் தோற்ற பிள்ளையாகப் பார்க்காதீர்கள். ஆசிரியர் அவர்களே, பெறுபேறு வரும் நாட்களில் அரைப்பக்கமாவது ஆய்வாளர்களுக்கு ஒதுக்குங்கள். கொழும்புப் பல்கலைக்கழகத்தில் வைவாக்ஸ் மலேரியாவை ஆராய்ந்த பேராசிரியர் கமினி மெண்டிஸைப் பற்றி எங்கள் மாணவிகளில் எத்தனை பேருக்குத் தெரியும்? நீங்கள் இடம் தந்தால் அவரைப் பற்றிய முதல் கட்டுரையை நானே எழுதித் தருகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உயிரியல் ஆசிரியை,
கொக்கட்டிச்சோலை, மட்டக்களப்பு