கால் கிலோ துவரம்பருப்பு

அன்பு நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. 'அந்த இரைச்சலில் எப்படித் தூங்குகிறாய்?' என்று கேட்டிருந்தாய். இரைச்சலில் தூங்கிவிடலாம். கடைகள் மூடிக்கிடக்கும் ஞாயிற்றுக்கிழமைதான் தூக்கம் வர மாட்டேன் என்கிறது.

சென்னை சௌகார்பேட்டைக்குக் குடிவந்து ஒன்றரை வருஷமாகிறது. கந்தகோட்டத்துக்கு நாலு சந்து தள்ளி, மூன்றாவது மாடி. லிஃப்ட் கிடையாது. போன மாதம் ஃப்ரிட்ஜ் வாங்கினேன். வண்டி சந்துக்குள் நுழையாது என்று தெருமுனையிலேயே இறக்கிவைத்துவிட்டுப் போய்விட்டார்கள். மூட்டை தூக்கும் பெரியவர் ஒருவர் வந்தார். அறுபது வயதிருக்கும். பெட்டியை ஒரு சுற்று சுற்றிப் பார்த்தார், தோளில் கிடந்த துண்டைச் சுருட்டிச் சும்மாடு கட்டிக்கொண்டார். கூட ஒரு ஆள் வேண்டாமா என்றேன். "படியிலே செருப்பு கிடந்தா எடுத்துடு சார், அது போதும்" என்றார். நான் மேலே போய் மூச்சு வாங்கி முடிப்பதற்குள் பின்னாலேயே வந்து, "கதவு எந்தப் பக்கம் திறக்கணும்?" என்கிறார்!

நீ சிரிப்பாய். கொத்தவால் சாவடிக்குப் பக்கத்திலேயே இருந்துகொண்டு கால் கிலோ துவரம்பருப்பு வாங்க முடியாமல் திண்டாடினேன். காய்கறி மார்க்கெட் 1996இல் கோயம்பேட்டுக்குப் போய்விட்டது, மளிகை மண்டிகள் போகவில்லை. ஆனால் அங்கே போய் நின்றால் "எத்தனை மூட்டை?" என்றுதான் பேச்சே ஆரம்பிக்கும். கோடவுன் தெருவில் துணி, ஆண்டர்சன் தெருவில் காகிதமும் கல்யாணப் பத்திரிகையும், எல்லாம் இதே கதைதான். கடைசியில் முனைப் பெட்டிக்கடை அம்மாவிடம்தான் பருப்பு, அதுவும் மண்டி விலைக்கு மேல் பத்து ரூபாய் வைத்து. வாழ்க.

சாப்பாட்டுக்குக் குறைவில்லை. சாயங்காலம் மிண்ட் தெருவில் முறுக்கு சாண்ட்விச் போடுகிறார்கள். ரொட்டிக்குப் பதில் முறுக்கு, நடுவில் தக்காளி, வெள்ளரி, பச்சைச் சட்னி. கடித்தால் பாதி கையில், பாதி சட்டையில். உன் பையனுக்குப் பிடிக்கும்.

அப்புறம் ஒரு வருத்தம். கீழ் வீட்டு மார்வாடிக் குடும்பம் தீபாவளி முடிந்ததும் வேப்பேரிக்குப் போய்விட்டது. நாற்பது வருஷம் இருந்தவர்கள். அந்த அம்மா போகும்போது துளசித் தொட்டியை எங்கள் வாசலில் வைத்துவிட்டுப் போனார். இப்போது அந்த வீட்டில் கூரை வரைக்கும் பிளாஸ்டிக் பொம்மை அட்டைப்பெட்டிகள். குடியிருக்கிறவன் தருவதைவிட கோடவுன் வாடகை அதிகமாம், வீட்டுக்காரரைக் குறை சொல்லியும் பிரயோஜனமில்லை. பகலில் படியில் விலகி நிற்க இடமில்லை. ராத்திரி பத்து மணிக்கு மேல் மொத்தக் கட்டடத்தில் விளக்கெரிவது இரண்டே வீட்டில். எங்களிடமும் ஒரு நாள் கேட்பார்கள் என்று இவள் சொல்லிக்கொண்டிருக்கிறாள். நான் காதில் போட்டுக்கொள்வதில்லை.

பிப்ரவரியில் வருகிறேன் என்றாயே, சென்ட்ரலில் இறங்கி வால்டாக்ஸ் ரோடு வழியாக நடந்தே வந்துவிடு. ஆட்டோ பாதி வழியில் மாட்டிக்கொள்ளும். சனிக்கிழமை வரப் பார். ஞாயிறென்றால் ஷட்டர்களைத்தான் எண்ணிக்கொண்டிருக்க வேண்டும்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக்காரன்