ஐம்பது வரை ஒப்பிக்கும் குழந்தையும் நான்கு புளியங்கொட்டையும்: குழந்தை வளர்ச்சிப் பணிகள் இயக்குநருக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் இயக்குநர் அவர்களுக்கு,

வணக்கம். தொடக்கப் பள்ளியில் 32 ஆண்டுகள் இடைநிலை ஆசிரியையாகப் பணியாற்றி, அவற்றில் பெரும்பகுதியை ஒன்றாம் வகுப்பிலேயே கழித்து ஓய்வு பெற்றவள் நான். இப்போது பேத்தியைக் கொண்டுபோய் விடும் சாக்கில், அருகிலுள்ள அங்கன்வாடி மையத்தில் வாரத்துக்கு இரண்டு நாளாவது உட்கார்ந்துவிட்டு வருகிறேன். பால்வாடி என்றுதான் ஊரில் இன்னும் சொல்கிறார்கள். அங்கே கண்ட ஒரு காட்சிதான் இந்த மடலை எழுதத் தூண்டியது.

ஒரு நாள் விருந்தினர் ஒருவர் வந்திருந்தார். நான்கு வயதுச் சிறுவன் ஒருவனை எழுப்பி எண்களைச் சொல்லச் சொன்னார்கள். மூச்சு விடாமல் ஐம்பது வரை சொல்லி முடித்தான், எல்லோரும் கைதட்டினார்கள். விருந்தினர் சென்ற பிறகு, கூடையிலிருந்த புளியங்கொட்டைகளைக் காட்டி, "எனக்கு நாலு எடுத்துக் குடு கண்ணு" என்றேன். கைநிறைய அள்ளிக் கொடுத்தான். "எத்தனை இருக்கு?" என்று கேட்டபோது, சிலவற்றை இரண்டு முறை தொட்டும் சிலவற்றைத் தொடாமல் விட்டும் எண்ணி, ஏழில் நிறுத்தினான். "அப்ப எத்தனை?" என்று மறுபடி கேட்டேன். விடை சொல்லாமல் மீண்டும் "ஒண்ணு, ரெண்டு" என்று முதலிலிருந்து தொடங்கிவிட்டான்.

அந்தக் குழந்தையிடம் எந்தக் குறையும் இல்லை. அவனுக்குப் பாட்டுப் போலச் சொல்லிக்கொடுத்த பணியாளரிடமும் இல்லை. ஒப்பித்தலைத்தான் பெற்றோர் கேட்கிறார்கள், வருபவர்கள் கேட்கிறார்கள், பக்கத்துத் தெரு ஆங்கிலப் பள்ளியும் அதையேதான் பெருமையாகக் காட்டுகிறது. நான் கேட்க விரும்புவது ஒன்றே: நம் மையங்களில் எண் கற்பித்தலை 1 முதல் 10 வரை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், குழந்தை அதைக் கற்றதா என்பதை, ஒப்பிப்பதைக் கேட்டு அல்லாமல், கேட்ட எண்ணிக்கையை எடுத்துக் கொடுப்பதைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

எண்ணுதல் நமக்கு ஒரே செயலாகத் தோன்றினாலும், குழந்தைக்கு அது பல செயல்கள் ஒன்றுசேர்ந்த பெரும் வேலை. ரோஷல் கெல்மன், சார்லஸ் காலிஸ்டல் ஆகிய ஆய்வாளர்கள் 1978-இல் அதைப் பிரித்துக் காட்டினார்கள். ஒரு பொருளுக்கு ஒரு சொல் மட்டுமே சொல்ல வேண்டும்; சொற்களின் வரிசை மாறக் கூடாது; கடைசியாகச் சொன்ன சொல்லே மொத்தத்தின் எண்ணிக்கை; எதையும் எண்ணலாம்; எந்தப் பக்கமிருந்தும் எண்ணலாம். நம் சிறுவனுக்கு இவற்றுள் இரண்டாவது மட்டும் கைவந்திருந்தது. மூன்றாவது வராததால்தான் "எத்தனை?" என்ற கேள்வி, எண்ணத் தொடங்கு என்ற கட்டளையாக அவன் காதில் விழுந்தது.

உளவியல் ஆய்வாளர் கேரன் வின் 1990-களின் தொடக்கத்தில் கண்டது இதைவிட வியப்பானது. பத்து வரை தடையின்றிச் சொல்லும் குழந்தைகளிடம் பொம்மைகளைக் கொடுத்து, குறிப்பிட்ட எண்ணிக்கையைக் கேட்டபோது, சிலர் 'ஒன்று' கேட்டால் மட்டும் சரியாகக் கொடுத்தார்கள். வேறு எதைக் கேட்டாலும் ஒரு பிடி. சில மாதங்கள் கழித்து இரண்டு வந்தது, மேலும் சில மாதங்கள் கழித்து மூன்று. அதன் பிறகுதான், எண்ணிப் பார்த்தே எந்த எண்ணிக்கையையும் எடுக்கலாம் என்பது புரிந்தது. ஒன்றிலிருந்து நான்கு வரை போவதற்கு ஒரு குழந்தைக்கு ஓராண்டுக்கு மேலும் ஆகலாம் என்றால், மூன்று வயதில் நம்மிடம் வரும் குழந்தையைப் பத்துக்குள் நிறுத்துவது சோம்பல் ஆகாது.

சிறிய எண்களுக்கு இன்னொரு தனிச்சிறப்பும் உண்டு. பொருளியல் அறிஞர் ஜெவான்ஸ் 1871-இல், ஒரு பெட்டிக்குள் அவரை விதைகளை ஆயிரம் தடவைக்கும் மேல் வீசி, விழுந்தவை எத்தனை என்று ஒரே பார்வையில் சொல்லிப் பார்த்தார். மூன்றிலும் நான்கிலும் அவர் ஒரு முறையும் தவறவில்லை. ஐந்திலிருந்து பிழைகள் தொடங்கின. பெரியவர்களுக்கே பார்த்தவுடன் தெரிவது அவ்வளவுதான். ஆகவே இரண்டு, மூன்று ஆகியவற்றைக் குழந்தை எண்ணித்தான் சொல்ல வேண்டும் என்று வற்புறுத்தாமல், தட்டிலுள்ள மூன்று பட்டாணியைப் பார்த்து "மூணு" என்று சட்டெனச் சொல்லப் பழக்குவதே நல்ல தொடக்கம். தாயக்கட்டையை உருட்டிவிட்டுப் புள்ளிகளை யாரும் எண்ணிக்கொண்டிருப்பதில்லை.

அடுத்து நம் மொழியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்; வெளிநாட்டு ஆய்வுகள் இதை நமக்குச் சொல்லித் தரா. பாடநூலிலும் சுவர் ஓவியத்திலும் இருப்பவை ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து. வீட்டில் குழந்தை கேட்பவை ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு. பக்கத்து வீட்டு அக்கா சொல்லித் தருவது ஒன், டூ, த்ரீ. மூன்று வயதில், ஒரே எண்ணுக்கு மூன்று சொல் என்பது சிறிய சுமையன்று. இதற்கு மேல் நம் இலக்கணமும் விளையாடுகிறது: ஒண்ணு என்று எண்ணினாலும் ஒரு முட்டை என்கிறோம், ரெண்டு முட்டை என்போம், ஆட்களாக இருந்தால் ரெண்டு பேர் என்போம், ஒருவரானால் ஒருத்தர். எண்ணைச் சொன்ன பிறகு 'கள்' விகுதியையும் பேச்சில் பெரும்பாலும் விட்டுவிடுகிறோம், 'மூணு மாடு' என்பதே போதும். எனவே பன்மையை உணர்த்தக் குழந்தைக்கு எண்ணுப்பெயரைத் தவிர வேறு துணை பல வேளைகளில் இல்லை. இவ்வளவு சிக்கலைத் தானாகவே அவிழ்த்துக்கொண்டிருக்கும் குழந்தை "நாலு" என்று சரியாகச் சொல்லும்போது, "நான்கு என்று சொல்" என்று திருத்துவது எந்த வகையில் கணக்குக் கற்பித்தல் ஆகும்? பேச்சுச் சொல்லிலேயே எண்ணட்டும்; எழுத்துச் சொல் ஒன்றாம் வகுப்பில் வந்து சேர்ந்துகொள்ளும். இதைப் பணியாளர்களுக்கு எழுத்து மூலம் தெளிவாகச் சொன்னால், எத்தனையோ குழந்தைகளின் வாய் திறக்கும்.

மறுபுறம் பத்துக்கு மேல் தமிழ் மிகவும் ஒழுங்கான மொழி. பதினொன்று என்பதில் பத்தும் ஒன்றும் வெளிப்படையாகவே இருக்கின்றன. இருபது என்பது இரு பத்து. ஆங்கிலத்தின் இலெவனிலும் ட்வெல்விலும் அப்படி எதுவும் காதில் விழாது. பத்து வரை நன்றாக ஊன்றிய குழந்தைக்கு மேற்கொண்டு ஏறப் படிகள் தயாராக உள்ளன. எனவே பத்திலேயே நின்றால் குழந்தை பின்தங்கிவிடுமோ என்ற அச்சத்துக்கும் இடமில்லை. ஆனால் இந்த ஒழுங்கும் எண்பத்தொன்பதைத் தாண்டினால் கலைகிறது. தொண்ணூற்றில் ஏன் நூறு ஒலிக்கிறது என்பது புலவர்களே வாதிட்ட வழக்கு. அதை நான்கு வயதில் ஒப்பிக்க வைத்து நாம் அடைவது என்ன?

விளையாட்டைப் பற்றியும் சொல்லாமல் இருக்க முடியாது. உங்கள் துறையின் முன்பருவக் கல்வி ஆடலையும் பாடலையும் அடிப்படையாகக் கொண்டது. அது சரியான வழி. பல்லாங்குழியில் ஒரு குழியில் நான்கு சேர்ந்தால் 'பசு' என்று அள்ளிக்கொள்ளும் குழந்தைக்கு, நான்கு என்பதை யாரும் விளக்க வேண்டியதில்லை. ஆனாலும் விளையாட்டு மட்டும் போதும் என்று எண்ணிவிடக் கூடாது. தில்லியில் 214 முன்பருவ மையங்களில் 1,540 குழந்தைகளைக் கொண்டு நடத்தி, 2017-இல் வெளியான ஆய்வு ஒன்றில், நான்கு மாதங்கள் எண், வடிவ விளையாட்டுகளை ஆடிய குழந்தைகளின் இயல்பான அளவறிவு மேம்பட்டு ஓராண்டுக்குப் பிறகும் நிலைத்தது. ஆயினும் பள்ளிக் கணக்கில் அவர்கள் மற்றவர்களை முந்தவில்லை. கண்ணால் அறிந்த அளவு, எண்ணின் பெயரோடும் எழுதும் குறியோடும் முடிச்சுப் போடப்படாமல் போனதே காரணம் என்று நான் புரிந்துகொள்கிறேன்.

அந்த முடிச்சைப் போட ஒரு காகிதப் பட்டை போதும். ராபர்ட் சீக்லர், கீதா ரமணி ஆகியோர் 2008-இல் வெளியிட்ட ஆய்வில், 1 முதல் 10 வரை எண்ணிட்ட பத்துக் கட்டங்கள் நேர்வரிசையில் அமைந்த பலகையில், 15 நிமிடம் வீதம் நான்கு முறை விளையாடிய ஏழைக் குடும்பத்துக் குழந்தைகளின் எண்ணறிவு குறிப்பிடத்தக்க அளவு உயர்ந்தது. எண் இல்லாமல் நிறம் மட்டும் இட்ட பலகையில் ஆடியவர்களுக்கு அந்தப் பயன் கிட்டவில்லை. நான்காம் கட்டத்தில் நிற்கும் காய்க்கு இரண்டு விழுந்தால் "ஒண்ணு, ரெண்டு" என்று நகர்த்தாமல் "அஞ்சு, ஆறு" என்று சொல்லி நகர்த்த வேண்டும்; நுட்பம் இதில்தான் இருக்கிறது. நம் தாயத்தில் கட்டங்களுக்கு எண் இல்லை. பரமபதத்தில் உண்டு என்றாலும் பாம்பும் ஏணியும் சேர்ந்து நூறு வரை அலைக்கழிக்கும். பத்துக் கட்டம் மட்டும் அச்சிட்ட ஒரு பட்டையை ஒவ்வொரு மையத்துக்கும் அனுப்புவது துறைக்குப் பெரிய செலவாகாது.

காயாகப் புளியங்கொட்டையையும் சோழியையும் மூன்று வயதினரிடம் கொடுக்க வேண்டாம் என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள். மூக்கில் போட்டுக்கொண்ட குழந்தையைத் தூக்கிக்கொண்டு நானே ஒரு முறை மருத்துவமனைக்கு ஓடியிருக்கிறேன். அவர்களுக்குத் தேங்காய்ச் சிரட்டை போதும்.

இவை அனைத்துக்கும் நேரம் எங்கே என்று பணியாளர்கள் கேட்பார்கள். கேட்பதில் நியாயமும் உண்டு. சத்துமாவு வழங்குதல், எடை பார்த்தல், கைப்பேசியில் விவரங்களை ஏற்றுதல், வீடு வீடாகச் செல்லுதல் எல்லாம் பெரும்பாலும் அவர்கள் தலையில்தான். இதற்கான விடையை நம் மாநிலத்திலேயே கண்டிருக்கிறார்கள். அலெஹாந்த்ரோ கனிமியன், கார்த்திக் முரளிதரன், கிறிஸ்டோபர் வால்டர்ஸ் ஆகியோர் தமிழ்நாட்டின் 320 மையங்களை வைத்து நடத்திய ஆய்வில், முன்பருவக் கல்விக்கென அரை நாள் பணியாளர் ஒருவரைக் கூடுதலாக நியமித்த மையங்களில் கற்பிக்கும் நேரம் இரு மடங்கானது. 18 மாதங்களில் குழந்தைகளின் கணக்கும் மொழியும் தெளிவாக முன்னேறின. வயதுக்கேற்ற உயரம் இல்லாத நிலையும் குறைந்தது. 2022 ஜூனில் தொடக்கப் பள்ளிகளில் அடிப்படை எழுத்தறிவுக்கும் எண்ணறிவுக்குமாகத் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டம் ஒன்றாம் வகுப்பில் அறுவடை செய்யப் பார்ப்பது, அதற்கு முந்தைய இரண்டு ஆண்டுகளில் உங்கள் மையத்தில் விதைக்கப்படுவதைத்தான். அந்த அரை நாள் பணியிடத்தை மாநிலம் முழுவதும் கொண்டுவர அரசை வலியுறுத்தும் தகுதி உங்கள் துறைக்குத்தான் முதலில் உண்டு.

அதுவரை, ஒரு குழந்தையிடம் எண் குறித்து ஒரே ஒரு கேள்விதான் கேட்க முடியும் என்றால், அது "எனக்கு அஞ்சு எடுத்துக் குடு" என்பதாக இருக்கட்டும். மேற்பார்வைக்கு வருபவர்களும் ஒப்பிக்கச் சொல்லாமல் இதையே கேட்கட்டும். அவர்கள் எதைக் கேட்கிறார்களோ, அதைத்தான் மறுநாளிலிருந்து மையத்தில் கற்பிப்பார்கள்.

அந்தச் சிறுவனுடன் நான் இன்னும் உட்கார்ந்து எண்ணிக்கொண்டுதான் இருக்கிறேன். இப்போது மூன்று வரை பிசகாமல் எடுத்துக் கொடுக்கிறான். நான்கு கேட்டால் இன்னும் கைநிறையத்தான் வருகிறது.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற இடைநிலை ஆசிரியை ஒருவர்