கோமதிக்கு ஒரு செலவுக் கணக்கு

முக்கூடல்
ஐப்பசி 25

அன்புள்ள கோமதி,

உன் கடிதம் திங்கட்கிழமை வந்தது. இந்தக் காலத்தில் கையால் எழுதின கடிதமா என்று தபால்காரர் புரட்டிப் புரட்டிப் பார்த்துவிட்டுத்தான் கொடுத்தார். நீ மகன் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்துகொண்டு போனில் பேசுகிற சங்கதி இல்லை என்பது படித்த பிறகுதான் எனக்கும் புரிந்தது.

கடையநல்லூரில் உன் பேத்திக்கு வலிப்பு வந்ததை வெளியே மூச்சு விடக் கூடாது என்று சம்பந்தி வீட்டில் சொல்கிறார்கள். நீயோ, எவ்வளவு செலவாகும் என்று மட்டும் சொல்லு என்று எழுதியிருக்கிறாய். சொல்கிறேன். ஆனால் ஏட்டி, என் கணக்கு நோட்டில் மாத்திரைச் செலவு ஒரு பக்கம்தான் வரும். மற்ற பக்கமெல்லாம் வேறு செலவு. அதை முதலில் கேள்.

என் சின்ன மகனுக்கு வலிப்பு முதலில் வந்தது ஒன்பதாம் வகுப்பு படிக்கும்போது, சுடலைமாடன் கொடைக்கு மறுநாள். இரண்டு ராத்திரி கண்ணே மூடவில்லை அவன். வில்லுப்பாட்டு கேட்டு, சாமக்கொடை பார்த்து, விடிய வெள்ளனே வந்து திண்ணையில் உட்கார்ந்தவன் ஒரு மாதிரி சத்தம் போட்டுக்கொண்டு சாய்ந்தான். கைகால் வெட்டியது, வாயில் நுரை. "மாடன் அடிச்சுட்டான்" என்றாள் ஒருத்தி. "சாமி இறங்குது, கும்பிடுங்க" என்றார் இன்னொருவர். இரும்பு கொடு, இரும்பு கொடு என்று யாரோ எங்கள் பீரோச் சாவிக்கொத்தை அவன் கையில் திணித்தார்கள். பெரும்பாலான வலிப்பு இரண்டு மூன்று நிமிடத்தில் தானாகவே நின்றுவிடும். அன்றைக்கும் அப்படித்தான் நின்றது. பேர் வாங்கியது சாவிக்கொத்து.

அப்புறம் ஏழு மாதம் மந்திரிப்பு, கயிறு, பரிகாரம். என் கம்மல் அடகுக்குப் போனது அப்போதுதான், இன்னும் மீட்கவில்லை. நடுவில் மூன்று தடவை விழுந்தான். கடைசித் தடவை ஆற்றுப் படித்துறையில். துணி துவைத்துக்கொண்டிருந்த பிள்ளைகள் முடியைப் பிடித்து இழுத்துக் கரையில் போட்டார்கள். அன்று ராத்திரிதான் எங்க வீட்டுக்காரர், "நாளைக்கு ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரிக்குப் போவோம்" என்றார்.

பாளையங்கோட்டை பெரியாஸ்பத்திரியில் அந்த நரம்பு டாக்டரம்மா எந்த மெஷினையும் தொடுவதற்கு முன்னால் எங்களிடம் கேள்வியாகக் கேட்டார். விழும் முன் என்ன செய்துகொண்டிருந்தான்? கண் எந்தப் பக்கம் போனது? ஒரு கை முதலில் வெட்டியதா, எல்லாம் சேர்ந்தா? நாக்கைக் கடித்தானா? எழுந்த பிறகு எவ்வளவு நேரம் பிரமை பிடித்தமாதிரி இருந்தான்? எனக்குப் பாதிக்குப் பதில் தெரியவில்லை. சாவியைத் தேடி ஓடிக்கொண்டிருந்தேனே! அடுத்த முறை வந்தால் செல்போனில் வீடியோ எடுங்கள் என்றார். கோமதி, வலிப்பைக் கண்டுபிடிப்பதில் கூட இருந்து பார்த்தவர் சொல்வதற்குத்தான் முதல் மதிப்பு. அதற்குக் காசே கிடையாது. மூளையின் மின்னோட்டத்தை வரைந்து பார்க்கும் ஈஈஜி அதற்குத் துணை. அது சரியாக இருந்தாலும் வலிப்பு நோய் இல்லை என்று அர்த்தமில்லை, அந்த அரைமணி நேரத்தில் மூளை ஒழுங்காக இருந்தது என்றுதான் அர்த்தம்.

நோய் என்னவென்று அவர் சொன்ன விதம் எனக்கு மறக்கவில்லை. கொடைக்குக் கட்டும் சீரியல் செட்டில் ஒவ்வொரு வரிசையும் முறை வைத்து எரியும். அந்த முறை கெட்டு எல்லா பல்பும் ஒரே நேரத்தில் படபடவென்று மின்னினால் எப்படியிருக்கும்? மூளை நரம்புகளின் மின்சாரம் அப்படி ஆகிறது, அவ்வளவுதான். மாடனும் இல்லை, ஒட்டுவாரொட்டியும் இல்லை. நாம் காக்கா வலிப்பு என்கிறோமே, அது கால்கை வலிப்பு என்பது மருவியதுதானாம். காகம் பாவம்.

ஒரு தடவை வந்துவிட்டாலே வலிப்பு நோய் என்று முத்திரை குத்திவிட மாட்டார்கள். காய்ச்சல், சர்க்கரை குறைவது, குடியை நிறுத்துவது என்று காரணம் இருந்தால் அது வேறு கணக்கு. காரணமில்லாமல் ஒரு நாளுக்கு மேல் இடைவெளி விட்டு இரண்டாவது தடவையும் வந்தால்தான் பெரும்பாலும் அந்தப் பெயர். ஸ்கேன் எடுப்பது மூளையில் தழும்பு, கட்டி, பூச்சி ஏதும் இருக்கிறதா என்று பார்க்க. பூச்சி என்றால் பன்றி நாடாப்புழுவின் குஞ்சு. எங்கள் பக்கத்துத் தெரு வாத்தியார், முட்டைகூடத் தொடாத சைவப் பிள்ளைமார், அவர் மூளையில் இருந்ததே! பன்றிக்கறி தின்னவேண்டியதில்லை, புழுவின் முட்டை ஒட்டிய கழுவாத காய்கறியும் கையும் போதும். வாத்தியாருக்கு வைத்தியம் பலித்தது, கௌரவம்தான் கொஞ்ச நாள் சோர்ந்து கிடந்தது.

சரி, பேத்திக்கு வருவோம். பதினாறு வயது, பரீட்சைக்கு ராத்திரி முழுக்கக் கண் விழித்தாள், காலையில் விழுந்தாள் என்கிறாய். கடைசிப் பக்கத்தில் போகிற போக்கில் இன்னொன்றும் எழுதியிருக்கிறாய். கொஞ்ச நாளாகவே காலையில் காப்பி தம்ளரைக் கைநழுவ விடுகிறாள், பிரஷ் தூக்கிப் போட்டமாதிரி விழுகிறது, அம்மாவிடம் திட்டு வாங்குகிறாள் என்று. கோமதி, நான் டாக்டர் இல்லை. ஆனால் அதை டாக்டரிடம் முதல் வரியாகச் சொல்லச் சொல். காலையில் கை திடீரென்று வெட்டுவது இந்த வயதில் வரும் ஒருவகை வலிப்பின் அடையாளம். தூக்கம் கெட்டால் கூடும். அதைச் சொல்லாமல் விட்டால் வேறு மாத்திரை எழுதிவிடக்கூடும், பழைய மாத்திரைகளில் சில இந்த வெட்டலை அதிகமாக்கவும் செய்யும்.

அதனால்தான் சொல்கிறேன், என் மகன் சாப்பிடுவதையே வாங்கிக் கொடுத்துவிடாதே. அவனுக்கு வால்ப்ரோயேட். நல்ல மருந்துதான், ஆனால் பின்னால் பிள்ளை பெறப் போகிற பெண்ணுக்குக் கூடியவரை தவிர்ப்பார்கள், வயிற்றுப் பிள்ளையின் முதுகுத்தண்டையும் மூளையையும் அது பாதிக்கலாம். அவளுக்கு லெவெடிராசெட்டம் மாதிரி ஒன்றை யோசிக்கலாம். அது கொஞ்சம் விலை கூடுதல்.

விலை என்று பார்த்தால் இப்படித்தான் மாறும். 1912-இலேயே வந்த பினோபார்பிட்டோன், 1938-இல் வந்த பெனிட்டாயின் எல்லாம் ஒரு நாளைக்கு ஒரு டீக்காசுக்குள் அடங்கிவிடும். புதிய மருந்துக்கு அதைப்போல் பல மடங்கு. ஒரு மருந்தில் நிற்காமல் இரண்டு, மூன்று என்று சேர்ந்தால் அதற்குத் தக்கபடி கூடும், உடல் எடைக்குத் தக்கபடி அளவும் கூடும். பெரியாஸ்பத்திரியில் மாத்திரைக்குக் காசில்லை, அன்றைய நாள்பாடு கெடுவதுதான் செலவு. வெளியே வாங்கினால் மக்கள் மருந்தகத்தில் பெயர் பெற்ற கம்பெனி விலையைவிட நன்றாகவே குறைவு. ஆனால் கடைக்காரர் மாதத்துக்கு ஒரு கம்பெனி மாற்றிக் கொடுத்தால் வாங்காதே, டாக்டரிடம் ஒரு வார்த்தை கேள். ஸ்கேனுக்கு வெளியே சில ஆயிரம் போகும். காப்பீட்டு அட்டை பெரும்பாலும் ஆஸ்பத்திரியில் படுத்தால்தான் உதவும், தினமும் விழுங்குகிற மாத்திரைக்கு வராது.

இனி என் பெரிய செலவைச் சொல்கிறேன். இருபது வயதில் சின்னவன் சென்னையில் வேலைக்குப் போனான். ரூமில் நான்கு பையன்கள். மாத்திரை டப்பாவைப் பார்த்தால் கேட்பார்களே என்று விழுங்குவதை நிறுத்திவிட்டான். டப்பாவை ஒளித்து வைக்கச் சொல்லிக் கொடுத்ததே நான்தான், நன்றாகப் படித்திருக்கிறான். நான்காம் நாள் வலிப்பு வந்தது, நினைவு திரும்புமுன் மறுபடி, மறுபடி. ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நான்கு நாள் ஐசியூ. அந்த நான்கு நாள் பில் அதுவரை ஐந்து வருசம் வாங்கின மாத்திரையைவிட அதிகம். சொல்லாமல் கொள்ளாமல் மாத்திரையை நிறுத்துவதைப்போல ஆபத்து இதில் வேறில்லை. இரண்டு வருசத்துக்கு மேல் வலிப்பே இல்லையென்றால் டாக்டரே பார்த்துப் பையப் பையக் குறைக்கலாம். எல்லோருக்கும் முடியாது. உன் பேத்திக்கு நான் நினைக்கிற வகையென்றால் ரொம்ப வருசம் தொடர வேண்டியிருக்கும் என்பதையும் மனதில் வைத்துக்கொள்.

பத்துப் பேரில் ஏழு பேருக்குச் சரியான மருந்து கிடைத்தால் வலிப்பு இல்லாமல் இருக்கலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இரண்டு மருந்து சரியான அளவில் கொடுத்தும் அடங்காதவர்களுக்கு வேறு வழி பார்ப்பார்கள். எங்கள் எதிர்வீட்டுப் பெண்ணுக்குக் காதோர நெற்றிப்பொட்டுக்கு உள்பக்கம் மூளையில் தழும்பு. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிலையத்தில் 1995-இலிருந்து இதற்கு ஆபரேஷன் செய்கிறார்கள். முதலில் சில நாள் படுக்க வைத்து வீடியோவும் ஈஈஜியும் சேர்த்து எடுத்து, எந்த இடம் என்று உறுதி செய்த பிறகுதான் கத்தி. மொத்தமாகப் பெரிய தொகைதான். இப்போது அவள் சிவனேன்னு பீடி சுற்றிக்கொண்டு, மாத்திரையும் பாதியாகி, நன்றாக இருக்கிறாள்.

சம்பந்தி வீட்டார் பயப்படுவது கல்யாணத்துக்குத்தான், எனக்குத் தெரியாதா? இந்து திருமணச் சட்டத்தில் பைத்தியத்தோடு வலிப்பையும் சேர்த்துத் தடையாக வைத்திருந்தார்கள், 1999-இல் வலிப்பை மட்டும் எடுத்துவிட்டார்கள். சட்டம் விட்டதை நாம்தான் பிடித்துக்கொண்டிருக்கிறோம். சின்னவனுக்குப் பெண் பார்த்தபோது இந்தமுறை முதல் பேச்சிலேயே சொன்னேன். இரண்டு வீட்டார் எழுந்து போனார்கள். மூன்றாவது வீட்டுப் பெண், "வந்தா என்ன செய்யணும்?" என்று கேட்டாள். ஒருக்களித்துப் படுக்க வைக்கணும், வாயில் எதையும் திணிக்கக் கூடாது, கைகாலை அமுக்கிப் பிடிக்கக் கூடாது, மணி பார்க்கணும், ஐந்து நிமிடம் தாண்டினால் 108 கூப்பிடணும் என்றேன். தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டாள். தை மாதம் வைத்திருக்கிறோம், பத்திரிகை பின்னால் வரும். இதைச் சொல்லத்தான் நானே எழுத நினைத்திருந்தேன், நீ முந்திக்கொண்டாய்.

பெரியாஸ்பத்திரிக்கு நானே கூட வருகிறேன். ஆதார், குடும்ப அட்டை, காப்பீட்டு அட்டை, எங்காவது காட்டியிருந்தால் அந்தச் சீட்டு, எல்லாம் எடுத்துவரச் சொல். தம்ளர் விழுந்த தேதிகளை ஞாபகம் இருக்கிறவரை அவளையே ஒரு தாளில் எழுத விடு. ஆனால் கடையநல்லூரிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடிக்கிறேன் என்று பிள்ளையை நடுச்சாமத்தில் எழுப்பிவிடாதீர்கள். முந்தின நாளே இங்கே வந்துவிடுங்கள். சொதி வைக்கிறேன். ஒன்பது மணிக்கெல்லாம் படுக்கலாம்.

இப்படிக்கு,
செண்பகம்