பட்டியலை வாசிக்காதீர்கள்: சபை நிர்வாகக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

கர்த்தருக்குள் அன்பான போதகர் ஐயா அவர்களுக்கும் நிர்வாகக் குழுவினருக்கும் ஸ்தோத்திரம்.

கடந்த ஞாயிறு ஆராதனையில் கட்டட நிதிக் காணிக்கைப் பட்டியல் வாசிக்கப்பட்டது. பெயரும் தொகையும், பெரியதில் தொடங்கிச் சிறியது வரை. அதற்கும் கீழே ‘இன்னும் கொடுக்காதவர்கள்’ என்று சில பெயர்கள். இதைப் பற்றி முன்பே வாய்மொழியாகச் சொல்லியிருக்கிறோம். இப்போது எழுத்தில் கேட்கிறோம்: தயவுசெய்து இனி அந்தப் பட்டியலை வாசிக்காதீர்கள்.

கடைசியில் வாசிக்கப்பட்ட பெயர்களில் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அவருக்கு வேலை போயிருக்கலாம். வீட்டில் ஒருவர் படுக்கையில் இருக்கலாம். சபை நடுவே எழுந்து நின்று அதைச் சொல்ல யாரால் முடியும்? அடுத்த ஞாயிறு அவர் கடன் வாங்கிக் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் வராமல் இருந்துவிட வேண்டும். கடன் வாங்கிக் கொடுத்தால் உங்கள் பேரேட்டில் அது காணிக்கை. அவர் வீட்டில் அது அபராதம். வராமல் போனாலோ, சபை மிகவும் தேவைப்படுகிற காலத்தில் சபையை இழக்கிறார். “விசனமாயுமல்ல, கட்டாயமாயுமல்ல” என்று 2 கொரிந்தியர் 9:7 விலக்கியவை இரண்டும் அந்தச் சில நிமிட வாசிப்பில் வந்துவிடுகின்றன.

கொடுப்பது விசுவாசத்தைக் காட்டும் என்று அன்று பிரசங்கித்தீர்கள். அது உண்மை. ஆனால் எதை வைத்து அளப்பது? மாற்கு 12-இல் ஏழை விதவை போட்டது இரண்டு காசு. ஒரு நாள் கூலியான தெனாரியத்தில் அது 64-இல் ஒரு பங்கு. எல்லாரிலும் அதிகமாகப் போட்டவள் இவளே என்று இயேசு சொன்னதற்குக் காரணம், போட்ட பிறகு அவளிடம் மீதி எதுவும் இல்லை. உங்கள் பட்டியலில் மீதிக்கு ஒரு பத்தி கிடையாது, இருக்கவும் முடியாது. அதனால் அது காட்டுவது வசதியை மட்டுமே. அதே அதிகாரத்தின் 40-ஆம் வசனத்தையும் சேர்த்து வாசிக்க வேண்டுகிறோம்: விதவைகளின் வீடுகளைப் பட்சிக்கிறவர்களைக் கண்டித்த பிறகுதான் இயேசு காணிக்கைப் பெட்டிக்கு எதிரே உட்காருகிறார்.

தாராளமாய்க் கொடுத்ததற்காகப் பவுல் மக்கெதோனியா நாட்டுச் சபையாரைப் பாராட்டவில்லையா என்று கேட்டீர்கள். பாராட்டினார். சபைகளைச் சொன்னார், ஆட்களின் பெயரையோ தொகையையோ சொல்லவில்லை. பர்னபா நிலத்தை விற்றுக் கொடுத்தது அப்போஸ்தலர் 4-இல் இருக்கிறது. எவ்வளவுக்கு விற்றார் என்பது இல்லை. அடுத்த அதிகாரத்திலேயே, விற்ற விலையில் ஒரு பங்கை மறைத்துவிட்டு முழுவதும் கொடுத்ததாகக் காட்டிக்கொண்ட அனனியா வருகிறான். எருசலேம் தேவாலயத்தில் இரகசிய அறை ஒன்று இருந்ததாக யூதரின் பழைய சட்டத் தொகுப்பான மிஷ்னா சொல்கிறது. கொடுப்பவர் யாரும் அறியாமல் வைத்துப் போவார். நல்ல குடும்பத்தில் பிறந்து நொடித்தவர் யாரும் அறியாமல் எடுத்துக்கொள்வார். வாங்குகிறவரின் மானத்தைக்கூட அவர்கள் காத்தார்கள். இங்கே கொடுக்கிறவரின் மானத்துக்கே காவல் இல்லை.

பெயர்களை வாசிப்பது வெளிப்படைத்தன்மை என்கிறீர்கள். யார் கொடுத்தார் என்பதைத் திறந்து வைத்துவிட்டு, பணம் எங்கே போனது என்பதை ஆண்டுக்கு ஒருமுறை ஒற்றை வரியில் முடிக்கிறோம். 2 கொரிந்தியர் 8:20, 21-இல் பவுல் பயந்தது பணத்தைக் கையாளுகிறவர்கள்மேல் வரும் பழிக்காக. அதற்காகத்தான் தம் உடன் ஊழியனான தீத்துவோடு வேறு சகோதரரையும் சேர்த்து அனுப்பினார். வெளிச்சம் செலவின்மேல் விழட்டும்.

நடைமுறை கடினமானது அல்ல. ஒவ்வொரு வீட்டுக்கும் எண்ணிட்ட உறைகள். எந்த எண் யாருடையது என்ற குறிப்பேடு பொருளாளரிடம் மட்டும் இருக்க வேண்டும். போதகர் அதைப் பார்க்காதிருப்பது அவருக்கே பாதுகாப்பு. பார்த்தால், வீடு சந்திக்கும் வரிசையே அவரை அறியாமல் மாறிவிடும். யாக்கோபு 2-இல் பொன்மோதிரம் போட்ட பணக்காரனுக்குச் சபையில் கிடைத்த நல்ல இடம் அப்படித்தான் உண்டாகிறது. ஆராதனை முடிந்த உடனே, அதே கட்டடத்தில், ஒரே குடும்பத்தைச் சேராத மூன்று பேர் எண்ண வேண்டும். ஆட்கள் வாரந்தோறும் மாற வேண்டும். பொருளாளர் எண்ணக் கூடாது, ஏனென்றால் கணக்கு எழுதுபவர் அவர். உறையின்மேல் எழுதிய தொகையும் உள்ளே இருப்பதும் ஒத்துப்போகாவிட்டால் வித்தியாசத்தை அங்கேயே குறிக்க வேண்டும். நோட்டுகளை மதிப்புவாரியாகத் தாளில் எழுதி மூவரும் கையெழுத்திட்டு, ஒரு பிரதியைப் பொருளாளருக்கும் ஒன்றைத் தணிக்கையாளருக்கும் தர வேண்டும். வங்கிச் சீட்டுத் தொகை அந்தத் தாளோடு காசு பிசகாமல் ஒத்திருக்க வேண்டும். எண்ணாத பையை ஒருவர் வீட்டுக்கு எடுத்துப்போகும் இரவில்தான் சந்தேகங்கள் பிறக்கின்றன; அவர் நேர்மையானவராக இருந்தாலும் அதை நிரூபிக்க வழியில்லை. இரசீது அவரவர் கையில், மூடிய உறையில். சபைக்கு வாசிக்க வேண்டியவை மொத்த வரவும், தலைப்புவாரியான செலவும், இருப்பும். அதுவும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை.

இருக்கைகளிலும் சுவரிலும் ஏறிக்கொண்டே போகும் பெயர்ப் பலகைகளைப் பற்றியும் மனம் பொறுக்காமல் எழுத வேண்டியிருக்கிறது. ஆலயத்துக்குள் நுழைகிற புதியவர் வசனத்துக்கு முன் கொடையாளிகளை வாசிக்கிறார். அதை வேறொரு நாள் பேசுவோம்.

இப்போதைக்கு ஒன்றே ஒன்று. வருகிற குழுக் கூட்டத்தில் இதைத் தீர்மானமாக எடுத்துக்கொள்ளுங்கள். பட்டியல் வாசிப்பதை நிறுத்துங்கள். கடைசியில் வாசிக்கப்பட்ட பெயர்களுக்கு உரியவர்களை, காணிக்கையைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசாமல், இந்த வாரமே ஒருமுறை வீட்டில் போய்ப் பாருங்கள். தாழ்மையாய்க் கேட்டுக்கொள்கிறோம்.

கர்த்தருக்குள்,
சபையார் சிலர்