பகல் நேர விளம்பரச் சத்தம்

ஆசிரியர் அவர்களுக்கு,

காய்ச்சலுக்கு விடுப்பு எடுத்துப் படுத்திருப்பவர்களுக்குப் பகல் நேரத் தொலைக்காட்சிதான் துணை. தொடரின் மெல்லிய பேச்சு கேட்க ஒலியைக் கூட்டினால், இடைவேளையில் விளம்பரம் காதைக் கிழிக்கிறது. விளம்பரத்தில் மெல்லிய ஒலிகளையும் உரத்தவற்றுக்கு இணையாக உயர்த்திவிடுகிறார்கள். உச்ச அளவு மாறாவிட்டாலும் சராசரி ஏறிவிடும். டிவி செட்டிங்ஸில் சவுண்ட் பகுதியில் ஆட்டோ வால்யூம் அல்லது நைட் மோட் இருந்தால் போடுங்கள், ஓரளவு அடங்கும். சவுண்ட்பார் இருந்தால் அதிலும் தனியாகப் போட வேண்டியிருக்கும்.

இது நோயாளி தலையில் விழ வேண்டிய வேலையே அல்ல. விளம்பர ஒலி மிகையாக இருக்கக் கூடாது, மணிக்கு 12 நிமிடத்தைத் தாண்டக் கூடாது என்று 1994ஆம் ஆண்டு கேபிள் தொலைக்காட்சி விதிகளே சொல்கின்றன. சர்க்கரை நோயை அடியோடு குணமாக்கும் என்று மருந்து விற்கும் விளம்பரமோ 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். பெங்களூரில் தமிழ்ச் சேனல் பார்ப்பவர்களும் இந்திய விளம்பரத் தர நிர்ணயக் கவுன்சிலுக்குப் புகார் அனுப்பலாம். சேனல், தேதி, நேரம், பொருளின் பெயர், திரையின் போட்டோ வேண்டும். சேனல்கள் ஒளிபரப்புப் பதிவை 90 நாள் வைத்திருந்தால் போதும் என்பதால் உடனே அனுப்புங்கள்.

வாசகர், அல்சூர், பெங்களூரு