பாவைக்கூத்துக்கு விளக்கை அணையுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கப்பலில் வேலை பார்க்கும் என் தங்கை மகன், ஏதென்ஸை அடுத்த பிரேயஸ் துறைமுகத்தில் கப்பல் நின்றிருந்தபோது அங்கே பார்த்த ஒரு நிழற்கூத்தைக் கைப்பேசியில் பிடித்து எனக்கு அனுப்பியிருந்தான். வெள்ளைத் திரையின் ஒரு பக்கம் சரிந்து கிடக்கும் குடிசை, மறுபக்கம் சுல்தானின் அரண்மனை, நடுவில் கூன் முதுகும் அளவுக்கு மீறி நீண்ட ஒற்றைக் கையுமாக எப்போதும் பசியோடு அலையும் காரகியோசிஸ் என்னும் ஏழை. "மாமா, இவன் நம்ம உச்சிக்குடும்பன்தானே?" என்று அவன் கேட்டிருந்தான். சிறு வயதில் ஊர்ப் பொட்டலில் தோல்பாவைக்கூத்து பார்த்து உச்சிக்குடும்பனுக்கும் உளுவத்தலையனுக்கும் விழுந்து விழுந்து சிரித்தவன் என்பதால், அந்தக் கேள்வி எனக்கு வியப்பாக இல்லை.

வருத்தம்தான் வந்தது. அண்மையில் நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் நடந்த ஒரு விழாவில் பாவைக்கூத்துக்கு இருபது நிமிடம் ஒதுக்கியிருந்தார்கள். ஆட்டுத்தோலை ஒளி ஊடுருவும் அளவுக்குச் சீவிப் பதப்படுத்தி, சாயம் ஏற்றி, நகைக்கும் சேலைக் கரைக்கும் பொட்டுப் பொட்டாகத் துளையிட்டுச் செய்த சீதைப் பாவை திரையில் வந்து நின்றபோது, மேடைக்கு மேலிருந்த இரண்டு பெரிய விளக்குகள் எரிந்துகொண்டே இருந்தன. சீதையின் சிவப்பும் பச்சையும் வெளிறி, அழுக்குத் துணியில் படிந்த கறைபோல ஒரு சாம்பல் நிழல் மட்டுமே தெரிந்தது. விளக்கை அணைக்கும்படி கூத்துக் கலைஞர் திரைக்குப் பின்னாலிருந்து இரண்டு முறை கேட்டார். அணைக்க ஆள் வரவில்லை. பதினைந்தாம் நிமிடத்தில் அறிவிப்பாளர் ஒலிவாங்கியை எடுத்து அடுத்த நிகழ்ச்சியை அறிவித்துவிட்டார்.

கிரேக்கர்கள் தங்கள் நிழற்கூத்தை எப்படி வைத்திருக்கிறார்கள் என்பதை இதோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டியிருக்கிறது. காரகியோசிஸ் அவர்கள் மண்ணில் முளைத்தவன் அல்லன். உதுமானியர் காலத்தில் துருக்கியின் காரகோஸ் கூத்திலிருந்து வந்தவன். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் பத்ரா நகரத்து மிமாரோஸ் போன்ற கலைஞர்கள் அவனைக் கிரேக்கனாக்கினார்கள். 1821-இல் தொடங்கிய விடுதலைப் போரின் வீரர்கள் திரைக்கு வந்தார்கள். அலெக்சாந்தர் கொடும்பாம்பைக் கொல்லும் கதையும் வந்தது. எல்லாப் பாத்திரங்களுக்கும் ஒருவரே குரல் கொடுக்கும் வழக்கம் அங்கும் உண்டு. 2009-இல் மறைந்த எவ்கெனியோஸ் ஸ்பதாரிஸ் என்ற கலைஞர் இந்தக் கூத்தைத் தொலைக்காட்சி வரை கொண்டுசென்றார். ஏதென்ஸை ஒட்டிய மருசியில் அவர் பெயரில் நிழற்கூத்து அருங்காட்சியகமே இருக்கிறது.

பழைய இடங்களையும் அவர்கள் வெறும் கல்லாக விட்டுவிடவில்லை. கி.மு. நான்காம் நூற்றாண்டைச் சேர்ந்த எபிதாவ்ரோஸ் திறந்தவெளி அரங்கில் 1938-இல் சோபோக்ளிசின் எலெக்ட்ரா நாடகம் மேடையேறியது. 1955 முதல் அங்கே கோடைதோறும் விழா நடக்கிறது. ஏறத்தாழ பதினான்காயிரம் பேர் அமரக்கூடிய அந்தக் கற்படிகளில் இன்றைய இயக்குநர்கள் பழைய நாடகங்களைத் தங்கள் விருப்பப்படி புரட்டிப் போடுகிறார்கள்; சில வேளை ரசிகர்கள் சினம் கொள்வதும் உண்டு. அதற்கும் முன்னரே, 1927-இல், கவிஞர் அங்கெலோஸ் சிகெலியானோசும் அமெரிக்காவில் பிறந்த அவர் மனைவி ஈவா பால்மரும் டெல்பியில் ஐஸ்கிலோஸின் பழைய நாடகமான 'கட்டுண்ட புரொமீத்தியஸை' மேடையேற்றினார்கள். நடிகர்களின் உடைக்கான துணியை ஈவா கைத்தறியில் தாமே நெய்தார் என்ற செய்தி, நாகர்கோவில் வடசேரித் தறிச் சத்தத்தைக் கேட்டு வளர்ந்த எனக்கு மிகவும் பிடித்தமானது. 1930-இல் மீண்டும் ஒருமுறை நடந்ததோடு அந்த விழா நின்றுபோனது.

2019-இல் கிரேக்கத்தின் தேலோஸ் தீவின் தொல்லிடிபாடுகளுக்கிடையே ஆங்கிலேயச் சிற்பி ஆன்டனி கோர்ம்லியின் 29 இரும்பு மனித உருவங்களை நிறுத்தினார்கள். சில மாதங்களில் அகற்றியும் விட்டார்கள். அந்த உருவங்கள் அந்தத் தீவுக்குப் பொருந்தினவா என்பதில் எனக்கு ஐயம் உண்டு. ஆனால் வைத்ததை எடுத்துவிடலாம், கல்லில் ஒரு கீறலும் விழாது என்ற ஒழுங்கு நமக்கும் ஏற்றதுதான்.

அப்படிப்பட்ட இடங்கள் இங்கே இல்லாமலில்லை. கடலை ஒட்டி நிற்கும் வட்டக்கோட்டை இருக்கிறது. சமணச் சிற்பங்கள் உள்ள சிதறால் மலையின் அடிவாரம் இருக்கிறது. இரண்டும் இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருப்பதால் அனுமதி கிடைக்காது என்று தொடக்கத்திலேயே கைவிரிப்பவர்கள், மாமல்லபுரத்தில் நாட்டிய விழா நடப்பதை நினைத்துப் பார்க்க வேண்டும். கோட்டைச் சுவரில் ஆணி அடிக்காமல், நான்கு மூங்கில் நட்டு வேட்டி கட்டினால் பாவைக்கூத்துக்குத் திரை ஆயிற்று. (ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட கடற்பயணக் குறிப்பான பெரிப்ளூஸ், குமரியில் தெய்வப்பெண் ஒருத்தி தங்கி நீராடினாள் என்ற கதையைச் சொல்கிறது. நம் கரைக்கு வந்த யவனரே இங்கே ஒரு கதையைக் கேட்டு எழுதிக்கொண்டு போயிருக்கிறார்கள் என்பதையும் இங்கே சொல்லத் தோன்றுகிறது.)

எனவே மாவட்ட நிர்வாகத்துக்கும், கலை பண்பாட்டுத் துறைக்கும், சுற்றுலாத் துறைக்கும் தங்கள் நாளிதழ் வழியாக என் வேண்டுகோள் இது. ஆண்டுக்கு ஒருமுறையேனும் ஒரு முழு இரவுக் கூத்துக்கு வட்டக்கோட்டையில் ஏற்பாடு செய்யுங்கள். இராமாயணத்தோடு நின்றுவிடாமல், புதுக்கதை ஒன்று கட்டுவதற்கும் புதுப்பாவைகள் வெட்டுவதற்கும் கலைஞர்களுக்கு முன்பணம் கொடுங்கள். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் நம் மீனவர்களைக் கடலில் மடக்கிய அந்த இரவைப் பாவைகளால் சொல்ல முடியும். அந்தக் கரையில் நின்று அலறிய உறவினர்களுக்கு நடுவே உச்சிக்குடும்பன் என்ன பேசுவான் என்று கேட்க நான் ஆவலாக இருக்கிறேன். இவற்றுக்கெல்லாம் நாளாகும் என்றால், அதுவரை நடக்கும் விழாக்களில், பாவைக்கூத்து தொடங்கும்போது சுவிட்ச் பலகைக்குப் பக்கத்தில் ஓர் ஆளையாவது நிறுத்துங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியர்,
நாகர்கோவில்.